கட்டையில் கட்டிய சாவியும் பன்னிரண்டு பாட்டில்களும்

அடுத்தவர் மூத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிற வேலைக்கு முதல் தகுதி வெட்கமில்லாத முகம். எனக்கு அது பிறவியிலேயே இருந்தது, புத்திதான் வேலைக்குச் சேர்ந்து வெகுநாள் கழித்து வந்தது.

நான் நுண்ணுயிரியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். படிப்பு, பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில். கடைசி வருட ஆய்வுக்குத் தயிரில் இருக்கும் கிருமிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார் என் கைடு மேடம். "நாத்தம் கிடையாது, சண்டை கிடையாது, வேலை முடிஞ்சதும் மிச்சத் தயிர உறையூத்திக்கலாம்" என்றார். நான் ஒரு மணி நேரம் வாதாடினேன். பெண்களுக்கு அடிக்கடி வருகிற சிறுநீர்த் தொற்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா, சாதாரண டெஸ்டில் 'நார்மல்' என்று வந்துவிட்டால் அவள் வலியையும் நார்மல் என்று எழுதி அனுப்புவது நியாயமா, இதே எரிச்சல் ஆண்களுக்கு மாதாமாதம் வந்தால் இந்நேரம் தெருவுக்கொரு ஆராய்ச்சி நிலையம் இருக்காதா என்று கேட்டேன். மேடம் களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியவர்கள், வேலை முடிந்து வந்ததும் தோள் பையைக்கூட இறக்காமல் ஓடியவர்கள், 'உடம்புச் சூடு' என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு விடியும்வரை சுருண்டு கிடந்தவர்கள் எல்லாரும் என் கட்சி. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும். ஏன் வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இருபத்திரண்டு கேள்விகள்

ஆய்வுக்குப் போன இடம் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியை மடித்து, பொட்டலம் போட்டு, நீராவி மிஷினில் வைத்துக் கிருமி நீக்கி அனுப்புகிறார்கள். ஷெட்டில் நாற்பது பெண்கள். அவர்களை மேய்ப்பதற்கு ஒரே ஒரு சூப்பர்வைசர், எல்லாருக்கும் அண்ணாச்சி. நல்ல மனிதர். நான் போன முதல் நாள், படிக்கிற பிள்ளை வந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு நாற்காலி போட்டு, மரியாதைக்குப் பக்கத்திலேயே தனக்கும் ஒன்று போட்டு உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு பெண்கள் என் ஆய்வுக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். நான் இருபத்திரண்டு கேள்விகள் அடங்கிய தாளை எடுத்து, பேச்சுப் போட்டிக் குரலில் வாசித்தேன். "சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் ஏற்படுவதுண்டா?"

பன்னிரண்டு பேரும் இல்லை என்றார்கள். அடிவயிற்றில் வலி? இல்லை. அடிக்கடி போக வேண்டும் போல இருக்கிறதா? இல்லவே இல்லை. குளிரோடு காய்ச்சல்? அதெல்லாம் என்ன என்பது போலப் பார்த்தார்கள். "நம்ம பிள்ளைக எல்லாம் நல்ல ஆரோக்கியம்மா" என்று அண்ணாச்சி பூரித்துப்போனார். தயிரையே எடுத்திருக்கலாமோ என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அவருக்கு போன் வந்தது. எழுந்து வெளியே போனார். அவர் தலை வாசலைத் தாண்டியதும், முன் மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கையை நிறுத்தாமல், தலையையும் தூக்காமல் என்னிடம் பேசினாள். பெயர் பேச்சியம்மாள், நாற்பது வயது இருக்கும். அவள் சொன்னது: "எல்லாத்துக்கும் ஆமான்னு மாத்தி எழுது பாப்பா. அவிய பக்கத்துல உக்காந்திருக்கையில கேட்டா எங்க யாருக்கும் மூத்திரமே வராது."

கட்டை

அந்தக் கம்பெனியில் கழிப்பறை இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அதன் சாவிதான் அண்ணாச்சியின் மேஜைமேல் இருக்கிறது. சாவியை ஒரு பழைய மில் பாபினில், அதாவது நூல் சுற்றுகிற மரக்கட்டையில், கட்டியிருக்கிறார்கள். முழங்கை நீளம், உருட்டுக்கட்டை மாதிரி. யாருக்காவது அவசரம் வந்தால் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும், நோட்டில் பெயர், போகிற நேரம், காரணம் மூன்றையும் எழுத வேண்டும், பிறகு அந்தக் கட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு நாற்பது பேர் பார்க்க ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் எல்லாரும் 'அவசரம்' என்றே எழுதியிருந்தார்கள். வேறு எதற்காகக் கழிப்பறைக்குப் போவார்கள் என்று அந்தக் கட்டத்தைப் போட்டார்களோ தெரியாது. சாயங்காலம் அந்த நோட்டு ஆபீசுக்குப் போகும். முதலாளி புரட்டிப் பார்ப்பார்.

பேச்சியக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். காலையில் அரை டம்ளர் தண்ணீர், அதற்குப் பிறகு வேலை முடிகிறவரை ஒரு மடக்குக்கூடக் கிடையாது. ரெண்டு வருஷமாக அப்படித்தான். ரெண்டு வருஷமாக நீர்க்கடுப்பும் அப்படித்தான், வரும், போகும், காய்ச்சலோடு திரும்பி வரும். அந்த வருஷத்தில் மட்டும் நாலு தடவை காய்ச்சலில் லீவு போட்டிருந்தாள். "இன்னொரு தடவ காய்ச்சல்னு நின்னே, அப்படியே நின்னுக்க வேண்டியதுதான்" என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். ஆக, அடுத்த காய்ச்சல் வருவதற்குள் அவளுடைய கிருமி எது, அது எதற்குச் சாகும் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தால் நான் மனு எழுதுவேன். சட்டம், தொழிலாளர் உரிமை, பெண்ணின் மாண்பு எல்லாம் போட்டு ரெண்டு பக்கம் எழுதி, மறுநாள் அண்ணாச்சி கையில் கொடுத்து, பதிலுக்குப் பதில் கொடுக்கத் தயாராக நின்றேன். அவர் நின்றபடியே ரெண்டு பக்கத்தையும் பொறுமையாக வாசித்து, அழகாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முன்னால சின்னச் சாவியாத்தான் இருந்துச்சு, மூணு தடவ தொலைச்சுட்டாக, பொறவுதான் கட்டைல கட்டினேன்" என்றார். பிறகு நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "எல்லாம் சரியாத்தாம்மா எழுதியிருக்க, ஆனா சாவி தொலைஞ்சா யாரு பொறுப்புன்னு இதுல ஒண்ணும் போடலையே?"

நாலு மாத்திரை

பேச்சியக்கா மருந்து வாங்குகிற இடம் ராஜபாளையத்தில் ஒரு மெடிக்கல். சீட்டெல்லாம் கிடையாது. "கடுப்பு மாத்திரை" என்று சொன்னால் போதும், கடைக்காரர் நாலு மாத்திரை கத்தரித்துக் கொடுப்பார். அவள் அதில் ரெண்டைச் சாப்பிடுவாள். எரிச்சல் நின்றதும் மற்ற ரெண்டையும் அடுத்த தடவைக்கு என்று பத்திரப்படுத்துவாள். சிக்கனமான பெண். கிருமியும் அவளிடம் சிக்கனமாகவே வாழப் பழகியிருந்தது.

நான் அந்தக் கடைக்குப் போய், சாயங்காலக் கூட்டத்தில் வரிசையை மறித்து நின்று, பாடம் எடுத்தேன். டாக்டர் பார்க்காமல் இந்த மாதிரி மாத்திரை கொடுக்கலாமா? இது திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு முதலில் கல்ச்சர் பார்க்க வேண்டாமா? அதாவது மூத்திரத்தைத் தட்டில் ஊற்றி, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்க்க வேண்டாமா? நாலு நாலாகக் கொடுப்பது கிருமிக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பது ஆகாதா? கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கல்ச்சர் பாத்து முடிவு வர எம்புட்டு நாளாகும்மா?" மூன்று நாள் என்றேன், பெருமையாக. உலகத்திலேயே நான்தான் மூன்று நாளைக் கண்டுபிடித்தவள் போல.

எனக்குப் பின்னால் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நான் பாடம் எடுத்த நேரம் முழுதும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தவள். அவள் என் தோளைத் தட்டி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "அந்த மூணு நாளைக்கு எரியறத நான் ஒங்க கையில குடுத்துட்டுப் போறேன், செத்த வச்சிருக்கீகளாக்கா?"

ஊருக்குள் வந்த பால்கோவா

அந்தப் பெண்ணின் கேள்வியோடுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கர்ப்பத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே பார்க்கிற அட்டை வந்துவிட்டது. எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதை அரை நாளில் சொல்லுகிற ஒரு சுலபமான சோதனை இந்தக் கடை வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதற்குத்தான் ஆராய்ச்சி வேண்டும் என்கிறேன். இதை நான் அந்த இடத்தில் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. என் நல்ல பதில்கள் எல்லாமே பஸ்ஸில் தோன்றியவை.

சரி, மற்றவரைச் சொல்வானேன், கல்ச்சரை நாமே பார்ப்போம் என்று பன்னிரண்டு பாட்டில்களோடு கம்பெனிக்குப் போனேன். கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சொற்பொழிவு. "இதில் வெளிக்கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒன்று இருந்தாலும் என் ஆராய்ச்சி பாழ். சுத்தம், சுத்தம், சுத்தம்!" வகுப்பில் என் பேராசிரியர்களை நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதே இல்லை, அப்படிக் கேட்டார்கள். சாயங்காலம் பன்னிரண்டு பாட்டில்களும் வரிசையாகத் தட்டில் வந்தன. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தன. அடடா, புத்தம்புதுசு என்று பூரித்தேன். நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. 'தண்ணீர் குடிப்பது குறைவு' என்று நோட்டில் குறித்துக்கொண்டு, என் கூர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டி பார்க்க அசிங்கமாக இருந்ததால், வீட்டில் கிடந்த ஒரு பால்கோவாக் கடை அட்டைப் பெட்டிக்குள் அதை இறக்கியிருந்தேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு "பால்கோவாவா?" என்றார். நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி 'இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது' என்று பேசிவருகிறவள் நான். அந்த அம்மாவைப் பார்த்ததும் "ஆமா" என்றேன். அவர் என்னையும் பெட்டியையும் பஸ்ஸின் போர்டையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊரு உலகமே வில்லிபுத்தூருக்கு வந்து பால்கோவா வாங்கிட்டுப் போகுது, நீ ராஜபாளையத்துல இருந்து அங்க கொண்டு போறியாக்கும்!"

சொர்ணக்காவின் சுத்தம்

லேபில் பன்னிரண்டு தட்டுகளிலும் ஒன்றும் வளரவில்லை. ஒரு புள்ளி இல்லை. பொதுவாக ஆரோக்கியமானவர்கள் கொடுத்தால்கூடத் தோலில் இருந்து ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு வரும். இதில் அதுவும் இல்லை. தட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. பேச்சியக்காவின் தட்டும் அப்படியே. லேப் உதவியாளர் கிருமிக்குப் போடுகிற சாப்பாட்டைச் சரியாகக் காய்ச்சவில்லை என்று அவரோடு ஒரு சண்டை போட்டேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் கண்ணாடி. கைடு மேடம் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு வைத்தியம் வேண்டாம்மா, இவங்க உடம்புல இருந்து மருந்து எடுக்கலாம்" என்றார்.

கம்பெனிக்கு ஓடினேன். நீராவி மிஷினைப் பார்த்துக்கொள்கிற சொர்ணக்காதான் பாட்டில்களைச் சேகரித்துத் தந்தவள். பாட்டிலைக் கையில் கொடுத்ததிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது வரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். பன்னிரண்டு பேரும் ஒழுங்காகக் கொடுத்தார்கள், மூடியை இறுக்கினாள், துணி லோடு எல்லாம் முடித்து இறக்கிய பிறகு, பாட்டில்களை மட்டும் தனியாகத் தட்டில் அடுக்கி, மிஷினுக்குள் விட்டு, துணிக்கு வைக்கிற அதே சூட்டில் முழுசாக ஒரு ஓட்டு ஓட்டி எடுத்தாள்.

எந்தக் கிருமியைத் தேடி ரெண்டு பஸ் மாறி வருகிறேனோ அதை வேகவைத்து என் கையிலேயே கொடுத்திருக்கிறாள். நானும் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று கொஞ்சி வாங்கிப் போயிருக்கிறேன். "ஏங்க்கா, நான் சொன்னது காலிப் பாட்டிலை!" என்று கத்தினேன். சொர்ணக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. பதினைந்து வருஷமாக அவள் அனுப்பிய ஒரு பொட்டலம் திரும்பி வந்ததில்லையாம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கிருமி ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு மூணு தடவ சொன்னது நீ, அரைகுறையா சுத்தம் பண்ணி எங்களுக்குப் பழக்கம் இல்ல பாப்பா."

தோழிக்கு

இரண்டாம் முறை சொற்பொழிவு ஒரே வரி: "வாங்கின பாட்டிலை அப்படியே என் கையில் கொடுங்கள்." கொடுத்தார்கள். அன்றைக்கே கொண்டுபோய்த் தட்டில் போட்டேன். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில்தான் அது நடந்தது.

என் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவேன். ரெண்டு பஸ். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குள் போவதற்கில்லை. கம்பெனியில் அந்தக் கட்டையைத் தூக்குவதில்லை என்று வைராக்கியம். கொள்கைக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் நாற்பது பேர் பார்க்க நடக்கக் கூச்சம். ஆகவே தண்ணீர் குடிப்பதில்லை. எல்லாருக்கும் 'தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டு, மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்போடு ஓடினேன். கம்பெனிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து மூன்று வாரம் இப்படி. நாலாவது வாரம் ஒரு காலையில், என் இருபத்திரண்டு கேள்விகளுக்கும் ஆமாம் என்று பதில் சொல்லுகிற நிலைமைக்கு வந்து சேர்ந்தேன். 'எரிச்சல்' என்று அச்சடித்திருந்தேனே, அந்தச் சொல்லைப் போட்டவளை அன்று பிடித்து உலுக்கியிருப்பேன். எரிச்சலாம் எரிச்சல்! ஊசியை நெருப்பில் காட்டி உள்ளே விட்ட மாதிரி இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் அப்பாவின் சிநேகிதர் யாராவது இருப்பார். ராஜபாளையத்துக்கே போனேன். கால் தானாக அதே கடைக்குப் போய் நின்றது. கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கடுப்பு மாத்திரை நாலு குடுங்க" என்றேன், குரலே எழும்பாமல். "யாருக்கும்மா?" "என் தோழிக்கு." "தோழிக்கு எம்புட்டு நாளா இருக்கு?" "ரெண்டு நாளா." நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றதை அவர் கவனித்துவிட்டார். பழி வாங்குகிற முகம் இல்லை, சத்தியமாக; அக்கறையோடுதான் சொன்னார்: "மாத்திரை இருக்கட்டும், ஒங்க தோழிய மொதல்ல கல்ச்சர் பாக்கச் சொல்லுங்கம்மா, மூணே நாள்தான?"

ரெண்டு சீட்டு

பேச்சியக்காவின் முடிவு வந்தது. தட்டு முழுக்கக் கிருமி. அதன்மேல் ஒவ்வொரு மருந்தையும் சின்ன வட்டத் தாளில் தோய்த்து வைப்போம். மருந்து வேலை செய்தால் சுற்றிலும் கிருமி செத்து ஒரு வெற்று வளையம் விழும். ரெண்டு வருஷமாக அவள் ரெண்டு ரெண்டாகச் சாப்பிட்ட மாத்திரையின் வட்டத்தை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், கிருமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. வேறு சில மருந்துகளைச் சுற்றி வளையம் தெளிவாக விழுந்திருந்தது. வழி இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். லேபில் தனியாக நின்று நான் அழுதேன். அதில் பேச்சியக்காவுக்காகப் பாதி, என் அடிவயிற்றுக்காகப் பாதி.

கைடு மேடம் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். லீவு போட முடியாதே. அதனால் வேலைக்கு முன்னால், காலையில் கதவு திறக்கும்போதே ராஜபாளையத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் போய் நின்றோம். அவளுக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒரு சீட்டு. டாக்டரம்மா கடிதத்தைப் படித்து, அக்காவின் வயிற்றையும் முதுகையும் அழுத்திப் பார்த்து, வேறு மருந்து எழுதினார். "ஒண்ணு விடாம முடிக்கணும், மிச்சம் வைக்கக்கூடாது, தண்ணி நல்லாக் குடிக்கணும், அடக்கக்கூடாது." அக்கா தலையை ஆட்டிவிட்டு, என் காதில் மட்டும், "தண்ணி குடிச்சா கட்டையல்ல தூக்கணும்" என்றாள்.

என் முறை. டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கல்யாணம் ஆயிருச்சா?" நான் நிமிர்ந்தேன். வலியிலும் வாதம் வந்தது. "முதலில் அதைக் கேட்டால் கல்யாணம் ஆகாத பெண் யாராவது உங்களிடம் வருவாளா? 'போகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா' என்று ஏன் முதலில் கேட்கக்கூடாது?" வெளியே வரிசை வாசல் தாண்டி நின்றது, ஆனாலும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நியாயந்தான், அதையே கேக்கேன். ஒரு நாளைக்கு எத்தன தடவ போற?" என்றார். எனக்குப் பதிலாகப் பேச்சியக்கா சொன்னாள்: "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு டாக்டரம்மா, நடுவுல இந்தப் பிள்ளைக்கு எங்களுக்குப் பாடம் நடத்தவே நேரம் சரியாப் போயிரும்."

ஒரு நடை

டாக்டரம்மா தன் கண் முன்னாலேயே என்னை ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க வைத்தார். அங்கேயே எனக்கும் கல்ச்சருக்குப் பாட்டில் கொடுத்தார்கள். அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, அக்காவோடு பஸ் ஏறினேன். கம்பெனி வாசலில் இறங்கும்போது ஒன்பது ஆக ரெண்டு நிமிஷம். அக்கா நேரத்துக்கு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் நேரம் சரியில்லை. தொற்று இருக்கும்போது 'அவசரம்' என்பது ஆலோசனை கேட்டு வருவதில்லை. ஷெட்டின் நடுவில் நின்றேன். அந்தக் கோடியில் கழிப்பறைக் கதவு. இந்தக் கோடியில் அண்ணாச்சி மேஜை. மேஜைமேல் கட்டை. மனுவில் எழுதிய அத்தனை பிரிவுகளும் மறந்துபோய், வேர்த்து, கை விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றேன். பேச்சியக்கா என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து நேரே மேஜைக்குப் போய், கட்டையை எடுத்து வந்து, பிறந்த பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி என் ரெண்டு கையிலும் வைத்தாள். "பிடி, கடிக்காது" என்றாள். அண்ணாச்சி பழக்க தோஷத்தில், தலை தூக்காமலே, "நோட்டுல எழுதிட்டுப் போ" என்றார்.

எழுதினேன். பெயர். ஒன்பது ஐந்து. காரணம் என்ற கட்டத்தில் எல்லாரையும் போல 'அவசரம்' என்று போட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தேன். அக்கா பக்கத்தில் நின்றதால் வெட்கமாகிவிட்டது. 'சிறுநீர்த் தொற்று. அடக்கினால் கூடும்' என்று முழுசாக எழுதினேன். பிறகு அந்தக் கட்டையோடு நடந்தேன். நாற்பது பேரும் பார்த்தார்கள். நூறு அடி தூரம் இருக்கும். யாராவது அந்த நூறு அடியைக் குறைத்துத் தந்திருந்தால், மேடையில் பேசி நான் இதுவரை வாங்கிய கோப்பைகளை எல்லாம் கொடுத்திருப்பேன். திரும்பி வந்தபோது நோட்டில் என் பெயருக்குக் கீழே பேச்சியக்கா எழுதிக்கொண்டிருந்தாள். காரணம்: 'அதேதான்.' அவளுக்குக் கீழே சொர்ணக்கா: 'அதேதான்.' சாயங்காலத்துக்குள் பக்கம் நிறைந்து மறு பக்கம் ஆகியிருந்தது. அந்த நோட்டு ஆறு மணிக்கு முதலாளி மேஜைக்குப் போக வேண்டும். அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் நின்றாராம், கொண்டு போகவில்லையாம்.

மறுநாள் மேஜைமேல் நோட்டும் இல்லை, கட்டையும் இல்லை. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில், தண்ணீர் டிரம்முக்கு மேலே, ஒரு ஆணி அடித்து அதில் கட்டை தொங்கியது. "யாரும் எங்கிட்டச் சொல்ல வேண்டாம். ஆனா கட்டைய மட்டும் அவுக்க மாட்டேன், சாவி தொலைஞ்சிரும்" என்று அண்ணாச்சி சுவரைப் பார்த்து அறிவித்தார். பேச்சியக்கா மாத்திரையை மிச்சம் வைக்காமல் முடித்தாள். இது எழுதுகிறவரை அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை, வேலையும் போகவில்லை. எனக்கும் என் மருந்து கிடைத்தது. சாவி ஆணிக்கு மாறியதால் ஆராய்ச்சி வந்துவிடவில்லை, அரை நாள் சோதனை வந்துவிடவில்லை. மற்ற கம்பெனிகளில் கட்டைகள் மேஜைமேல்தான் இருக்கின்றன. அதற்கெல்லாம் சேர்த்து இன்னொரு விரிவான திட்டம் எழுதி, பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அதைப் பேச்சியக்காவிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். ஒரு சொம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "இருபத்திரெண்டு கேள்வி கேட்டியே பாப்பா, சாவி எங்க இருக்குன்னு ஒண்ணக் கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே."

மூன்று வயதிலிருந்து வாயை மூடாமல் வாதாடி வருகிற நான் இந்த உலகத்தில் உருப்படியாக ஜெயித்தது, வாயைத் திறக்காமல் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த அந்த ஒரே ஒரு தடவைதான்.